பல்லக்கா வாங்கிய பழைய லென்ஸ்

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளுடைய பல்லில் ஒரு விசேஷமும் கிடையாது. சொல்லப்போனால் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறித்தான் நிற்கும். மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுப்பது அவள் வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் மாவுக்கட்டு வாய்கள் அவள் மேசையில் வரிசையாகப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். பீங்கான் பொடியைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மயிரிழைத் தூரிகையால் பூச்சுக்குமேல் பூச்சாக ஏற்றி, சின்னச் சூளையில் வைத்துச் சுட்டு எடுப்பாள். எடுத்ததை ஜன்னலோர வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் மறுபடி ஆரம்பம்.

"பல்லுன்னா வெள்ளைன்னு நினைச்சுட்டிருக்காங்க. வெள்ளையா ஒரு பல்லை வெச்சா தெருக்கோடியில நிக்கிறவருக்கே தெரிஞ்சிடும், அது கட்டின பல்லுன்னு. ஈறுகிட்ட கொஞ்சம் மஞ்சள் வேணும், நுனியில ஒரு துளி நீலம் வேணும், டீ குடிக்கிறவங்கன்னா ஒரு கோடு வேணும்" என்பாள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் தன்னையறியாமல் வாயை மூடிக்கொள்வார். அவள் தன் பல்லைத்தான் பார்க்கிறாள் என்று நினைப்பு. நினைப்பு சரிதான்.

ஆக, அவளுடைய உலகம் கைக்கு எட்டும் தூரத்துக்குள் இருந்தது. அதற்கு நேர்மாறாக, அவள் வீட்டுக்காரருக்கு வேலை ஆகாயத்தில். உயரமான கட்டடங்கள் எழும்பும் இடங்களில் கோபுரம்போல நிற்குமே பெரிய கிரேன், அதன் உச்சியில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர் அவர்.

கல்யாணமாகி, ஒரு மகள் பிறந்து, அவள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போயும் ஆகிவிட்டது. இத்தனை காலத்தில் கிரேன்காரர் தன் வேலையைப் பற்றி வீட்டில் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு வராது. விடிவதற்குள் கிளம்பிப் போவார். பொழுது சாய்ந்து வருவார். குளித்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்காருவார்.

"இன்னிக்கு என்ன வேலை?" என்று இவள் கேட்பாள்.

"தூக்கினோம், வெச்சோம்."

அவ்வளவுதான். கேட்கிறவளுக்கும் அது பழகிப்போயிற்று. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊரிலேயே உயரத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிற அந்த மனிதருக்கு வீட்டு ஸ்டூலில் ஏறப் பயம். பல்பு மாற்ற வேண்டுமென்றால், "ஸ்டூல் ஆடுது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். பல்லக்காதான் ஏறி மாற்றுவாள். கீழே நின்று ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், அது மட்டும் தவறாமல் நடக்கும்.

அவர் வேலை செய்யும் இடத்தை அவள் பார்த்ததே இல்லை. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒருமுறை பஸ்ஸில் போகும்போது, "அதோ, அதுதான்" என்று ஜன்னல் வழியாகக் காட்டினார். அவள் தலையைத் திருப்புவதற்குள் ஒரு பெரிய கட்டடம் வந்து மறைத்துவிட்டது. ஒரு மஞ்சள் இரும்பு தெரிந்தது மாதிரி இருந்தது.

பல்லக்கா வேலை பார்த்த, பல் செய்யும் லேப், இடம் போதாமல் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கட்டடத்தின் மேல்மாடிக்கு மாறியது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எல்லோரும் மொட்டைமாடிக்குப் போவார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்காருவார்கள். முதல் நாளே பல்லக்காவின் கண்ணில் அது பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாதி எழும்பிய ஒரு கட்டடத்துக்கு மேலே, ஒரு மஞ்சள் கிரேன்.

அன்று சாயங்காலம் கேட்டாள். "நீங்க இப்ப வேலை பாக்குறது ஆத்துக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா."

"மஞ்சளா, ஒரே ஒரு கிரேன் நிக்குதே?"

"அதேதான்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பல்லக்கா மாடியில் தன் இடத்தை மாற்றிக்கொண்டாள். நிழலை விட்டுவிட்டு, ஆற்றைப் பார்த்த கைப்பிடிச் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். லேப்பில் மெழுகு வேலை செய்கிற அண்ணன் ஒருவர் உண்டு. அவர்தான் முதலில் கவனித்தார்.

"என்னக்கா, வெயில்ல உக்காந்து வடாம் மாதிரி காயுறீங்களா?"

"காத்து நல்லா வருதுண்ணே."

காற்று எல்லாப் பக்கத்திலும்தான் வந்தது. அவள் கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அது ஒரு தீக்குச்சியின்மேல் இன்னொரு தீக்குச்சியைப் படுக்க வைத்ததுபோலத் தெரிந்தது. இரண்டும் சேரும் இடத்தில் கடுகளவு ஏதோ ஒன்று வெயிலில் மின்னியது. அந்தக் கடுகுக்குள் தன் வீட்டுக்காரர் இருக்கிறார் என்பதை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லேப்புக்குப் புதிய கேமரா வந்தது. பல்லின் நிறம் பார்த்துச் செய்வதற்காக, வருகிறவர்களின் வாயைப் படம் பிடிக்க அங்கே எப்போதும் ஒரு கேமரா இருக்கும். பழையதை என்ன செய்வது என்று முதலாளியம்மா யோசித்தபோது, "எனக்குத் தாங்களேன்" என்று பல்லக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் மாட்டியிருந்த லென்ஸ் பல்லுக்கென்றே ஆனது. மூக்கருகே கொண்டுபோனால் எனாமலில் ஓடும் விரிசலைக்கூடக் காட்டும். ஆற்றுக்கு அப்பால் திருப்பினால் தீக்குச்சி தீக்குச்சியாகவே இருந்தது.

தூரத்தைக் கிட்டே இழுக்கிற ஜூம் லென்ஸ் வேண்டும் என்பது புரிந்தது. கொழுந்தனாரிடம் கேட்டாள். கிரேன்காரரின் தம்பி கல்யாணப் போட்டோ எடுக்கிறவர். லென்ஸைப் பற்றி அவரிடம் கேட்டால் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசுவார்.

"ஸ்டேஷன் பக்கத்துக் கடையில ஒரு பழைய ஜூம் லென்ஸ் இருக்கு தம்பி. விலை ரொம்பக் குறைச்சல். வாங்கலாமா?"

அவர் அதன் பெயரையும் நம்பரையும் கேட்டார். கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "வேண்டாம் அண்ணி. அந்தக் காலத்துல கேமராவோட இலவசம் மாதிரி தள்ளிவிட்ட லென்ஸ் அது. தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி படம் வரும். கொஞ்சம் பொறுத்து நல்லதா வாங்கிக்கலாம். அப்பிடி என்னத்தை எடுக்கப் போறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பல்லக்காவிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. மகள் படித்து வேலைக்குப் போனபிறகு, கட்டின புருஷனை எட்டி நின்று பார்ப்பதற்கு ஒரு லென்ஸ் வேண்டும் என்று கொழுந்தனிடம் எப்படிச் சொல்வது? "சும்மா, பறவைங்க வருது மாடியில" என்று சமாளித்தாள்.

ஆனால் கடைக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்னக் கடை அது. கண்ணாடி அலமாரி நிறையப் பழைய கேமராக்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். அவள் கேட்ட ஜூம் லென்ஸை எடுத்து முன்னால் வைத்துவிட்டு மறுபடி திருகலானார்.

"எதை எடுக்கப் போறீங்க மேடம்? பறவையா, விளையாட்டா?"

"ஒரு ஆளை."

"எவ்வளவு தூரத்துல?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

கடைக்காரர் திருகுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "யாருங்க அந்த ஆளு?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

அவர் எடுத்த லென்ஸை மெதுவாக அலமாரிக்குள்ளேயே திரும்ப வைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு நான் லென்ஸ் தர்றதில்ல. பெரியவங்க யாரையாவது வெச்சு உக்காந்து பேசித் தீர்த்துக்குங்க."

பல்லக்காவுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் ஏறிய பல் தெரிய அப்படிச் சிரித்தாள், படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். "ஐயையோ, அப்பிடி இல்லண்ணே. அவரு கிரேன் ஓட்டுறாரு. மேல உக்காந்திருக்காரு. ஒரு நாள்கூட அவரு வேலை செஞ்சு நான் பார்த்ததில்ல."

கடைக்காரர் அவளை ஒருமாதிரி பார்த்தார். பிறகு லென்ஸை வெளியே எடுத்து, ஒரு சின்ன டார்ச்சை அதன் பின்பக்கம் பிடித்தார். "இங்க பாருங்க. உள்ளே ஓரத்துல தெரியுதா, சிலந்திவலை மாதிரி? பூஞ்சை."

அவள் பையிலிருந்து தன் வேலைக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "வேர் விட்டிருக்கு. ஆனா நடுவுக்கு வரல."

"வரல. ஜூம் வளையம் தளர்ந்துபோச்சு. கீழ பார்த்துப் பிடிச்சா தானாவே நீண்டுக்கும். ஃபோகஸ் பிடிக்கிற மோட்டார் வேலை செய்யாது, கையாலதான் திருப்பணும். வெயிலுக்கு நேரா பிடிச்சா ஒரே புகை. கடைசி வரைக்கும் இழுத்தா படம் குழையும், அதனால ஒரு விரல் முன்னாடியே நிறுத்திக்கணும். உச்சிவேளையில பார்க்காதீங்க, சூட்டுல எல்லாம் நெளியும். காலையில பாருங்க." சொல்லிக்கொண்டே லென்ஸைக் காதருகில் கொண்டுபோய் லேசாகக் குலுக்கினார். உள்ளே ஒன்றும் உருளவில்லை. அதை மட்டும் ஒரு பெருமையோடு கேட்டுக்கொண்டார்.

"நல்லதுன்னு சொல்ல ஏதாவது இருக்காண்ணே?"

"விலை" என்றார். சற்று யோசித்துவிட்டு, "கண்ணாடி நல்ல கண்ணாடி. வளர்த்தவங்க சரியில்ல, அவ்வளவுதான்" என்றார்.

ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிற காசுதான் ஆயிற்று. பல்லக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவசரம் யாரை விட்டது? மறுநாள் உச்சிவேளையிலேயே மாடியில் நின்று பார்த்தாள். கடைக்காரர் சொன்னது சொன்னபடி நடந்தது. கிரேன் கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே பிடித்த துணி மாதிரி நெளிந்தது. கொழுந்தனார் சொன்னதும் உண்மைதானோ என்று மனசு விட்டுப்போயிற்று.

அதற்கு அடுத்த நாள் காலையில், லேப் திறப்பதற்கு முன்பே போனாள். காவலுக்கு இருந்தவரிடம் சாவி வாங்கி மாடிக்கு ஏறினாள். கைப்பிடிச் சுவரில் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் லென்ஸை ஊன்றி, கண்ணை வைத்தாள். வெறும் மஞ்சள் மூட்டம். வளையத்தைத் திருப்பினாள். பல்லின் வளைவை உணரும் விரல்கள் அவை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். மூட்டம் இறுகியது. கம்பியாயிற்று. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய ஒரு பெரிய கோபுரம் ஆயிற்று. அவள் லென்ஸை மெல்ல மேலே நகர்த்திக்கொண்டே போனாள். கோபுரம் முடிவேனா என்றது. போய்க்கொண்டே இருந்தது. தினமும் தீக்குச்சி என்று நினைத்தது இதையா என்று அவளுக்கு நெஞ்சு திக்கென்றது.

கடைசியில் ஒரு கண்ணாடி அறை வந்தது. அறை என்பதுகூட அதிகம். நிற்கிற ஒரு பீரோவுக்கு நான்கு பக்கமும் கண்ணாடி போட்டால் எப்படியிருக்கும், அப்படி. அதற்குள் கட்டம்போட்ட சட்டை தெரிந்தது. காலரைப் போன வாரம்தான் அவள் திருப்பித் தைத்திருந்தாள். அந்தக் காலருக்கு மேலே, இடதுபக்கம் சற்றே சாய்ந்த கழுத்து. எந்தக் கூட்டத்தில் பின்பக்கமிருந்து பார்த்தாலும் அவளுக்குத் தெரிகிற கழுத்து.

அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தன் இரண்டு பாதங்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியிலும் கண்ணாடிதான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் காற்று, அந்தக் காற்றுக்கு அடியில் எங்கேயோ எறும்புகள்போல ஆட்கள். பல்லக்காவுக்கு உள்ளங்கால் கூசியது. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். ஸ்டூல் ஆடுது என்று சொல்கிற மனிதரா இவர்?

அன்றைக்கு அவர் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைத் தூக்கினார். ஒரு வீட்டுச் சுவர் அளவு இருக்கும். அவர் கைகள் இரண்டு சின்னப் பிடிகளின்மேல் இருந்தன. விரல் அசைந்ததா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் வெளியே அந்த நீண்ட இரும்புக் கை ஆகாயத்தில் அரைவட்டம் சுற்றி வந்தது. கண்ணாடி கொஞ்சமும் ஆடாமல் கூடவே மிதந்து வந்தது. ஆற்றையும் வானத்தையும் தன்மேல் காட்டிக்கொண்டே வந்தது. கட்டடத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்றது. அங்கே நின்ற ஆட்கள் கையைத் தூக்கினார்கள். ஒரு விரற்கடை இறங்கியது. மறுபடி நின்றது. பிறகு, தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவதுபோல, உட்கார்ந்துவிட்டது.

பல்லக்கா மூச்சை விட்டாள். தூரிகையின் நுனியில் ஒரு துளிப் பீங்கானை ஏந்தி, பல்லின் நுனியில் வைக்கும்போது தானும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம் என்று நினைத்தாள். இவருக்கு அந்தத் துளி ஒரு சுவர். தூரிகை ஒரு தெரு நீளம். 'தூக்கினோம், வெச்சோம்' என்கிற பேச்சுக்கு உள்ளே இவ்வளவு இருக்கிறதா?

அதற்குப்பிறகு தினமும் காலையில் கொஞ்ச நேரம் பார்ப்பது வழக்கமாயிற்று. பல சங்கதிகள் தெரியவந்தன. ஏணியில் ஏறும்போது தட்டுக்குத் தட்டு நின்று, வலது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டுதான் ஏறுகிறார். வீட்டில் அந்த வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று இரவு எதுவும் கேட்காமல் தைலத்தை எடுத்து அவர் கட்டில் பக்கத்தில் வைத்தாள். அவரும் எதுவும் கேட்காமல் தேய்த்துக்கொண்டார்.

இன்னொன்றுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம். மேலே அவர் வாய் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது. கீழே இருப்பவர்களோடு பேசுகிற வயர்லெஸ் அறைக்குள் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் அசைந்தது. யாருமில்லாத இடத்தில், வீட்டில் வாயைத் திறக்காத மனிதர், அப்படி யாரிடம் என்ன பேசுகிறார்?

மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒருநாள் பிற்பகல். வானம் திடீரென்று புழுதி நிறத்துக்கு மாறியது. லேப்பின் ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கரண்டு போய்ச் சூளைகள் எல்லாம் அணைந்தன. மற்றவர்கள் ஜன்னலைச் சாத்த ஓட, பல்லக்கா கேமராவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். கதவைத் திறந்ததும் காற்று அவளைப் பின்னால் தள்ளியது. மாடிக் கதவின் நிலையில் முதுகைச் சாய்த்து நின்று, லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

கட்டடத்தின்மேல் ஓர் ஆளைக் காணோம். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கொக்கி காலியாக மேலே ஏற்றப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பெரிய கை சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் ஓட்டாமல், தன் பாட்டுக்கு. காற்று வீசும் பக்கமெல்லாம் அது திரும்பியது. கொஞ்சம் நிற்கும், மறுபடி காற்று மாறினால் மறுபடி திரும்பும். அவ்வளவு பெரிய இரும்பு, ஒரு காகிதக் காற்றாடி மாதிரி. அவள் கண்ணாடி அறையைத் தேடிப் பிடித்தாள்.

அவர் உள்ளேதான் இருந்தார். இறங்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கைகள் பிடிகளின்மேல் இல்லை. மடியில் இருந்தன. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது செய்யுங்களேன்" என்று பல்லக்கா வாய்விட்டே சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதருக்கு எப்படிக் கேட்கும்? பிடி அறுந்துவிட்டது, இரும்புக் கை சொன்னபடி கேட்கவில்லை, அதனால்தான் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. மெழுகு அண்ணன் பின்னால் வந்து, "அக்கா, உள்ள வாங்க, தகரம் பறக்குது" என்று தோளைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை.

அந்த நேரத்தில் அவர் பக்கத்திலிருந்து எதையோ எடுத்தார். ஆரஞ்சுப் பழம். காலையில் அவள் பெட்டியில் வைத்து அனுப்பியது. அறை சுழல, அதோடு தானும் சுழல, நிதானமாக அதன் தோலை உரிக்க ஆரம்பித்தார். ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டார்.

பல்லக்காவுக்கு வந்த கோபத்தில் அந்தப் பழத்தைப் பிடுங்கி எறிந்திருப்பாள், கைக்கு எட்டியிருந்தால். அடுத்த கணமே கோபம் எங்கோ போய்விட்டது. மேலே புழுதி வானம். அதற்குள் ஒரு இரும்பு மலை தன்னிஷ்டத்துக்குச் சுழல்கிறது. அதன் நடுவே ஒரு மனிதர் பழம் தின்கிறார். தான் பார்ப்பது தன் வீட்டுக்காரரையா, அல்லது இதுவரை அறிமுகமே இல்லாத யாரோ ஒருவரையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. அதற்குள் மழை வந்து, திரையை இழுத்து மூடியதுபோல ஆற்றின் அந்தக் கரையையே மறைத்துவிட்டது.

சாயங்காலம் அவர் முழுக்க நனைந்து வந்தார். துண்டை நீட்டிக்கொண்டே பல்லக்கா கேட்டாள். "காத்துல ஏன் ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருந்தீங்க?"

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "உனக்கு யாரு சொன்னா?"

"ஆரஞ்சுப் பழம் புளிச்சதா, இனிச்சதா?"

துண்டு கையிலேயே நின்றுவிட்டது. பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லென்ஸ், மாடி, காலை நேரம், முழங்கால், எல்லாம். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என்னையா பாத்தே? இத்தனை நாளா?"

"வேற யாரை? சொல்லுங்க, ஏன் சும்மா இருந்தீங்க?"

"சும்மா இருக்கிறதுதான் அப்ப வேலை" என்றார். "காத்துல அதைப் பிடிச்சு நிறுத்தக்கூடாது. பிரேக்கை விட்டுடணும். எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் போகட்டும்னு விட்டுட்டா, அது காத்துக்கு முதுகைக் காட்டி நின்னுக்கும், ஒண்ணும் ஆகாது. பயந்து போய் கட்டிப் போட்டா சாஞ்சிடும்." ஈரத் துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "முதல் தடவை எனக்கும் உயிரே போச்சு. அப்புறம் பழகிடுச்சு. கை சும்மா இருந்தா எதையாவது தொடச் சொல்லும். அதான் பழம்."

"அந்த வாய்? எந்நேரமும் அசையுதே, யார்கிட்ட பேசுறீங்க?"

அவர் முகம் சிவந்துபோயிற்று. "சுமைகிட்ட."

"சுமைகிட்டயா?"

"வா தாயி, மெல்ல, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், உக்காருன்னு... சொல்லிட்டே இருந்தா அது ஆடாது."

"வீட்டுல ஒரு வார்த்தை வர மாட்டேங்குது."

"மேலேயே எல்லாத்தையும் பேசித் தீர்த்துட்டு வந்துடறேன்ல."

அன்று அவர் இன்னும் நிறையப் பேசினார். சாப்பாடு இரண்டு தடவை சூடு பண்ண வேண்டியதாயிற்று.

அந்தப் படத்தைக் கொழுந்தனார் பார்த்தார். பார்த்ததும் தொழில்காரராகப் பேச ஆரம்பித்தார். "ஓரமெல்லாம் இருட்டிப்போச்சு அண்ணி. ஷார்ப்பா இல்ல. ஒரே மூட்டம். நான் சொன்னேன்ல?" சொல்லிக்கொண்டே திரையில் பெரிதாக்கிக்கொண்டு போனவர், கண்ணாடி அறைக்கு வந்ததும் நிறுத்தினார். "இது அண்ணனா?"

"ஆமா."

"அந்தக் காத்துலயா?"

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்ல லென்ஸா இருந்திருந்தா கையில என்ன வெச்சிருக்காருன்னு தெளிவாத் தெரிஞ்சிருக்கும்" என்றார், குரல் இறங்கி.

"எனக்குத் தெரியுது தம்பி" என்றாள் பல்லக்கா.

அவர் அந்தப் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். மூட்டத்தை மட்டும் நீக்கவில்லை.

கிரேன்காரருக்கு விடுமுறை வந்த ஒருநாள், அவரை லேப் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று அவர் இடத்தில் மாற்று ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கிறது என்று சொல்லி, கிரேன்காரர் சுவருக்கு எட்டவே நின்றார். "கிட்ட வாங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, லென்ஸை அவர் கண்ணுக்கு நேராக வைத்துக் கொடுத்தாள்.

பார்த்தார். இரும்புக் கை ஏதோ ஒரு கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆற்றின் பக்கமாகச் சுற்றி வந்தது. அதோடு சேர்ந்து அவர் தலையும் மெல்லத் திரும்பியது.

"இப்பிடியா சுத்துது அது?" என்றார் கடைசியில். தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

பல்லக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் இதைப் பார்த்ததே இல்லை. வாலிபத்திலிருந்து அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வெளியே நின்று, அது வேலை செய்வதை ஒருநாளும் பார்த்ததில்லை. இறங்கும்போது வேலை முடிந்து அது நின்றிருக்கும்.

"உள்ள இருக்கும்போது நான்தான் நிக்கிறேன், ஊரு சுத்துதுன்னு இருக்கும்" என்றார். "இவ்வளவு பெருசுன்னு தெரியாது. அந்தக் கை எவ்வளவு நீளம் பாரு. இது என் விரலுக்கா கேக்குது?" தன் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்துப் பார்த்தார். மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தார். மத்தியானச் சூட்டில் எல்லாம் நெளியத் தொடங்கும்வரை அவர் லென்ஸை விடவில்லை. தன் முறைக்குக் காத்திருந்து காத்திருந்து பல்லக்கா ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டாள்.

அந்தக் கட்டடம் முடிந்தது. கிரேனைத் துண்டுதுண்டாகக் கழற்றி லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வேலை ஊரின் மறுகோடியில். லேப் மாடியிலிருந்து அது தெரியாது. லென்ஸின் வளையம் இன்னும் தளர்ந்துவிட்டது. இப்போது ஒரு ரப்பர் வளையம் சுற்றிவைத்திருக்கிறாள். கொழுந்தனார் வேறு நல்ல லென்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

வாரத்தில் ஒருநாள், வேலைக்குப் போகும் வழியில், ஒரு மேம்பாலத்தின்மேல் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொள்வாள். அங்கிருந்து புதிய கிரேன் நேராகத் தெரியும். போன வாரம் அப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஓர் அம்மாள் இரண்டு கையிலும் பையோடு பக்கத்தில் வந்தாள்.

"என்னம்மா தெரியுது அங்க? வெறும் கிரேன்தானே நிக்குது?"

பல்லக்கா அவள் பைகளை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கேமராவைக் கொடுத்தாள். "வளையத்தைப் பிடிச்சுக்குங்க, நழுவும். கண்ணாடி அறை மாதிரி இருக்கு பாருங்க, அதுல பாருங்க."

அந்த அம்மாள் ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு தேடினாள். கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே என்று பல்லக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்றது. நடத்துநர் குரல் கொடுத்தார். அம்மாள் திரும்பவில்லை.

"அட" என்றாள். "உள்ள ஒரு ஆள் இருக்காரே."